சூப்பர் குடியிருக்கும் விலாசம்

பதினைந்து மாடி, தொண்ணூற்றாறு வீடுகள். அத்தனைக்கும் சேர்த்து ஒரே சூப்பர் பாஷ்கோ. மன்ஹாட்டனில் சூப்பர் என்பது பாராட்டு இல்லை, உத்தியோகம். கொதிகலன் நின்றுபோனால், லிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டால், பதினோராம் மாடிக் குளியல் தொட்டி பத்தாம் மாடிக் கூரை வழியே இறங்கி வந்தால், முதலில் கூப்பிடுவது அவரைத்தான். சம்பளத்தோடு அடித்தளத்தில் ஒரு வீடும் உண்டு. வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, வெயிலும் இல்லை. மாண்டினீக்ரோ மலைப்பக்கத்து அல்பேனியர் அவர். அந்த அவென்யூவில் பாதிக் கட்டடங்களை அவருடைய ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், குடியிருப்பவர்கள் சண்டையில் வாயைத் திறக்காதே என்பது. பன்னிரண்டு வருஷமாக அவர் அதைக் கட்டிக்காத்து வந்தார். அந்த வசந்த காலத்தில்தான் அதற்குச் சோதனை வந்தது.

சண்டை எதிர்ச்சாரிப் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. அது இலவச அரசுப் பள்ளி. அந்த இலவசத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஜனங்கள் லட்சக்கணக்கான டாலர் கொட்டி அங்கே வீடு வாங்குவார்கள். மூலையில் புதிதாக ஒரு கண்ணாடிக் கோபுரம் எழும்பி, அதில் குழந்தைகளாகக் குடிவந்ததில், கேஜி வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் நாற்பத்தொன்றைத் தொட்டது. தலைமை ஆசிரியை ஒரு யோசனை சொன்னார். நாலு வயதுப் பிள்ளைகளின் பாலர் வகுப்புக்கு இரண்டு அறை இருக்கிறது, அதில் ஒன்றைக் கேஜிக்குக் கொடுத்துவிடலாம். ஐந்து வயது என்றால் சட்டப்படி இடம் தந்தே ஆகவேண்டும். நாலு வயதுக்குக் குலுக்கலில் அதிர்ஷ்டம் இருந்தால் இடம். ஆகவே முப்பத்தாறு பாலர் இடம் பதினெட்டாகிவிடும்.

அன்றிலிருந்து லிஃப்டில் குட்மார்னிங் குறைந்தது. ஏழாம் மாடித் தாய்மார் 'பாலர் வகுப்பைக் காப்போம்' என்று ஒரு தாளைக் கொண்டுவந்து அறிவிப்புப் பலகையில் குத்தச் சொன்னார்கள். பதினாலாம் மாடியிலிருந்து 'ஐந்து வயதுக்கே முதல் இடம்' என்று வேறொரு தாள் வந்தது. பாஷ்கோ ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டையும் ஒரே உயரத்தில் குத்தினார். இரண்டு கட்சியும் நன்றி சொன்னது. அவருக்கு நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்பது இரண்டு கட்சிக்கும் ஞாபகம் வரவில்லை.

மகள் பெயர் லூலே. அடித்தளத்து ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்ததால் அவளுக்குத் தெரு என்றால் கால்கள்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை அவள் ஷூவை வைத்து அடையாளம் சொல்லுவாள். சிவப்பு ஷூ இன்றைக்கு லேட், விளக்கு எரியும் ஷூ வரவேயில்லை என்று தினமும் அப்பாவுக்கு ஒரு வருகைப் பதிவு நடக்கும். அவள் அம்மா திரித்தா ஊரில் நர்ஸாக இருந்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். செல்ல வைக்க ஒரு வருஷப் பகல்நேரப் படிப்பில் இடம் வாங்கி வைத்திருந்தாள், செப்டம்பரில் தொடக்கம். லூலேக்குப் பாலர் வகுப்பு கிடைத்தால் திரித்தா படிக்கப் போகலாம். கிடைக்காவிட்டால், தனியார் பள்ளிக் கட்டணம் பாஷ்கோவின் சம்பளத்தில் பாதியை விழுங்கும், ஆகவே போக முடியாது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை பாஷ்கோ முகச்சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து பள்ளி அலுவலகத்துக்குப் போனார். அங்கே செயலாளர் மிஸ் கினோனெஸ். இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி. தலைமை ஆசிரியைகள் வருவார்கள் போவார்கள், அவர் இருப்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பாஷ்கோவைப் பார்த்து, வாடகை ஒப்பந்தம் எங்கே, மின்சார பில் எங்கே என்று கேட்டார். பாஷ்கோவிடம் இரண்டும் இல்லை, எல்லாம் கட்டடத்தின் கணக்கு. சம்பளச் சீட்டும் வங்கிக் கடிதமும்தான் இருந்தன. அவற்றில் இருந்ததோ குறுக்குத்தெரு விலாசம்.

அதுவும் அவர் தானே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். வேலைக்கு வந்த புதிதில், வீட்டுச் சொந்தக்காரர்களின் தபாலோடு தன் தபால் கலந்துவிடக் கூடாது என்று, குறுக்குத்தெருவில் இருக்கும் அடித்தளத்துக் கதவில் போட்டுவிடும்படி தபால்காரரிடம் சொல்லிவைத்தார். மரியாதைக்காகச் செய்தது. அதன்பின் வங்கி, வரி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அந்த விலாசத்துக்கே போய்ச் சேர்ந்தன. மிஸ் கினோனெஸ் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பள்ளி எல்லைக்கோடு அந்தத் தெருமுனையில்தான் திரும்பியது. அவென்யூ வாசல் எதிர்ப் பள்ளிக்கு. குறுக்குத்தெருக் கதவு பதினோரு தெரு தள்ளியிருந்த வேறு பள்ளிக்கு. அந்தப் பள்ளியில் பாலர் வகுப்பே கிடையாது.

"உங்க கட்டடம் எங்க எல்லைக்குள்ளதான் இருக்கு. உங்க கதவுதான் இல்ல," என்றார் மிஸ் கினோனெஸ்.

"நான் படுக்கிற தலையணை கட்டடத்துக்குள்ளதானே மேடம் இருக்கு."

"தலையணைக்கு ரசீது வெச்சிருக்கீங்களா?"

குலுக்கலில் லூலேக்கு நல்ல எண்தான் விழுந்திருந்தது, ஆனால் எல்லைக்கு வெளியே உள்ளவர்களின் பட்டியலில். அந்தப் பட்டியலை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கப் போவதில்லை என்று மிஸ் கினோனெஸ் ஒளிக்காமல் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டடச் சங்கத்திடமிருந்து 'சூப்பர் அவென்யூ வாசல் அறுநூற்று நாற்பதாம் எண்ணில் குடியிருக்கிறார்' என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால், அவளைச் சரியான பட்டியலுக்கு மாற்றுவது தன் பொறுப்பு. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சங்கத் தலைவி பதினாலு ஏ-வில் இருக்கும் ரோஸலின் லோவன்தால். வக்கீல். அவர் மகனுக்கு ஐந்து வயது, கேஜிப் பட்டியலில் இருபத்து மூன்றாம் எண். 'ஐந்து வயதுக்கே முதல் இடம்' தாளை எழுதியவரும் அவரே. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பாஷ்கோவை உட்கார வைத்தார், காபி கொடுத்தார், லூலேயின் வயதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். பிறகு வக்கீலாகிவிட்டார். அடித்தளத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது என்று சங்கம் எழுதிக்கொடுத்தால் நகராட்சி வரி ஆள் வருவான், காப்பீட்டு ஆள் வருவான், ஒரு தாளில் தொடங்குவது ஒன்பது தாளில் போய் நிற்கும் என்றார்.

"எழுத்துல வேண்டாம், பாஷ்கோ. மனசால நீங்க எங்க குடும்பம்," என்றார்.

பாஷ்கோ நன்றி சொன்னார். குடும்பம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் கிறிஸ்துமஸ் அன்றும், குழாய் உடைந்த அன்றும்தான் அவர் கேட்டிருக்கிறார்.

வாசல்வரை வந்த ரோஸலின் இன்னொன்றும் சொன்னார். வியாழக்கிழமை கல்வித்துறையிலிருந்து ஓர் ஆள் விலாசம் சரிபார்க்க வருகிறான். இந்தக் கட்டட விலாசத்தைக் காட்டி, இங்கே குடியில்லாதவர்கள் பாலர் வகுப்புக்கு மனுப் போட்டிருக்கிறார்களாம். போலிகளை எடுத்துவிட்டால் பதினெட்டு இடமே தாராளம் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். சூப்பருக்குத் தெரியாத வீடு உண்டா. கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும், அதற்கப்புறம் அந்தக் கடிதத்தையும் ஒரு கண் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

யாரைச் சொல்கிறார் என்று பாஷ்கோவுக்குத் தெரிந்தது. ஒன்பது சி-யில் டாக்டர் ஃபிங்கல் என்ற மனநல மருத்துவர் இருந்தார். எண்பத்தெட்டு வயது, இடுப்பு முறிந்தவர். அவரைப் பார்த்துக்கொள்ள மார்வா வருவாள். கரீபியன் தீவான கிரெனடாக்காரி. புரூக்ளின் கோடியிலிருந்து வாரத்தில் ஆறு நாள், ஒன்றேகால் மணி நேர ரயில். கூடவே கெர்வின், அவள் மகன், நாலு வயது. டாக்டர் 'இவர்கள் என் வீட்டில்தான் வசிக்கிறார்கள்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்கு அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. லூலேயின் இங்கிலீஷ் முழுக்கக் கெர்வினிடம் துணி துவைக்கும் அறையில் கற்றது. அதனால் அல்பேனியப் பெண் கிரெனடா ராகத்தில் பேசினாள்.

அன்று மாலை பாஷ்கோ எல்லாவற்றையும் திரித்தாவிடம் கொட்டினார். திரித்தா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லிடு. நாம இங்க படுத்து எந்திரிக்கிறோம். அவ ரயில்ல வந்து போறா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பாஷ்கோ சீவிய கிழங்குகளை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"ஓ பாஷ்கோ, உன் பொண்ணா, அடுத்தவ பிள்ளையா? சொல்லு."

திரித்தா இன்னும் இரண்டு கிழங்கு சீவினாள்.

"ஆனா சொல்லிட்டு வந்து என் மூஞ்சிய மட்டும் பாக்காத," என்றாள்.

வியாழக்கிழமை காலை அந்த ஆள் வந்தான். தொளதொளத்த மழைக்கோட்டு, கையில் ஒரு கோப்பு, அன்றைக்கு அது எட்டாவது கட்டடமோ என்னவோ. முன்கூடத்தில் பாஷ்கோ பித்தளைக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவன் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்து ஒன்பது சி-யில் நின்றான். அங்கே ஒரு பையன் இருக்கிறானா என்றான்.

"கெர்வின். இருக்கான். காலைல ஏழரைக்குப் பாப்பேன், சாயங்காலம் ஆறுக்கும் பாப்பேன். குப்பைல தினமும் ரெண்டு ஜூஸ் டப்பா வரும்."

"ராத்திரி?"

பாஷ்கோவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரே சொல், இல்லை. அதைச் சொன்னால் பொய் ஆகாது. அதைச் சொன்னால் மேலே பதினாலு ஏ-வில் ஒரு பேனா திறக்கும், செப்டம்பரில் திரித்தா புத்தகப் பையோடு பஸ் ஏறுவாள். கையிலிருந்த துணியை அவர் மடித்தார், பிரித்தார்.

"ராத்திரி நான் கொதிகலனைப் பாக்கறேன் சார்," என்றார்.

வந்தவன் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு எதையோ எழுதிக்கொண்டான். லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது, பொழுதுபோகாமல், தபால் பெட்டிகளுக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருந்த தகவல் பலகையை வாய்விட்டுப் படித்தான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எல்லாக் கட்டடத்திலும் மாட்டியே ஆகவேண்டும் என்று நகராட்சி விதித்திருக்கும் பலகை அது. சூப்பர், பாஷ்கோ ஜோகாய். குடியிருக்கும் விலாசம், எண் அறுநூற்று நாற்பது, அடித்தளம்.

"நீங்களும் இங்கதான் குடியிருக்கீங்களா," என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லிஃப்டில் ஏறிப் போய்விட்டான்.

பாஷ்கோ அப்படியே நின்றார். பன்னிரண்டு வருஷமாக வாரம் ஒரு முறை அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். ஒரு நாளும் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. இப்போது மூக்குத் தொடும் தூரத்தில் நின்று பார்த்தார். எண் அறுநூற்று நாற்பது. அடியில் நீல மையில், 'இது உண்மை என்று உறுதி கூறுகிறேன்'. கையெழுத்து, ரோஸலின் லோவன்தால், சங்கத் தலைவி. தேதி போன ஜனவரி. சூப்பர் கட்டடத்தில் குடியில்லை என்றால் நகராட்சி அபராதம் போடும், ஆகவே நகராட்சிக்கு அவர் குடியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எழுதும்போதுதான் மனசால் குடும்பம். பாஷ்கோவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தார்.

நாலு திருகு. சுவரில் ஒரு வெளுத்த சதுரத்தை விட்டுவிட்டு, சட்டத்தை மார்போடு அணைத்தபடி, வேலைச் சட்டையோடேயே தெருவைக் கடந்தார். மிஸ் கினோனெஸ் மேசையில் இருந்த கொய்யா ரொட்டியை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார்.

"எங்கேர்ந்து கழட்டினீங்க?"

"என் வீட்டுச் சுவத்துலேர்ந்து."

மிஸ் கினோனெஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு தரம் தும்மினார், அல்லது சிரித்தார். சட்டத்தைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை. அப்படியே நகல் யந்திரத்தில் கவிழ்த்து, கிடைத்த தாளில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார்.

"இருபத்தாறு வருஷத்துல எத்தனையோ பேர் எத்தனையோ பொய்த் தாளக் கொண்டுவந்திருக்காங்க. உண்மையச் சுவத்தோட பேத்துக்கிட்டு வந்தவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார்.

மறுநாள் பலகை பழைய இடத்துக்குப் போனது. ரோஸலின் அது எங்கே போயிருந்தது என்று கேட்டார், பள்ளிக்கூடத்துக்கு என்றார் பாஷ்கோ. ரோஸலின் தன் கையெழுத்தைப் பார்த்தார், பாஷ்கோவைப் பார்த்தார், லிஃப்ட் வந்ததும் ஏறிக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை பட்டியல் வந்தது. ஓர் அறை போயேவிட்டது, பதினெட்டு இடம்தான். பதினெட்டாவது லூலே. திரித்தா சமையலறையில் நின்றபடியே அழுதாள், பிறகு அழுததற்காகப் பாஷ்கோவைத் திட்டினாள், பிறகு பாலாடைக்கட்டி வைத்து, புரெக் என்ற ஊர்ப் பலகாரத்தைப் பெரிதாக ஒன்று சுட்டாள். அதில் பாதியைப் பாஷ்கோவே தின்றார். அன்றைக்கு அவர் கொதிகலனுக்குக்கூடக் குட்நைட் சொல்லியிருப்பார், அப்படி ஒரு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது சி-யிலிருந்து போன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பாஷ்கோ பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்திருந்தார். மார்வா டாக்டருக்கு ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் டாக்டர் கெர்வினிடம் சதுரங்கத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்.

"லூலேக்குக் கெடச்சிடுச்சாமே, மிஸ்டர் பாஷ்கோ."

"கெடச்சுது."

"எத்தனாவதா?"

"பதினெட்டு."

கரண்டிச் சத்தம் நின்றது.

"கெர்வின் பத்தொம்பது," என்றாள் மார்வா.

பாஷ்கோ தொட்டிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை வரை பதினெட்டாவதாக இருந்தது யார் என்று அவருக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக் காப்பாற்றிய பிள்ளையை, கால் மணி நேரம் கழித்து நாலு திருகைக் கழற்றி அவரே வெளியே தள்ளியிருக்கிறார்.

"அந்த ஆள் கேட்டான், மிஸ் மார்வா. நான் சொல்லல."

"தெரியும். மேல வந்தான். 'சூப்பர் தினமும் உங்க பையனப் பாக்கறாராம்'னான். அன்னிக்கி ரயில்ல உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டே போனேன்."

"அப்புறம்தான் நான் பலகையக் கழட்டினேன்."

"அப்புறம் கழட்டினீங்க," என்றாள் அவள்.

அவள் அடுப்பை அணைத்தாள். தன் வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஒரு பள்ளி இருக்கிறது என்றாள். பாலர் வகுப்பில் பாதி நாற்காலி காலி, வாங்க வாங்க என்று போன் பண்ணிக் கூப்பிடுகிறார்கள். ஆனால் இரண்டு இருபதுக்கு விட்டுவிடுவார்கள். இரண்டு இருபதுக்கு அவள் இங்கே டாக்டரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். அங்கே போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொள்ள யாரும் இல்லை. அதனால் இன்னொரு வருஷம் கெர்வினுக்குச் சதுரங்கம்தான்.

பாஷ்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்க பொண்ணு இங்க குடியிருக்கா. என் பையன் இங்க வந்துட்டுப் போறான். நீங்க செஞ்சதுல தப்பில்ல, எனக்குத் தெரியுது. ஆனா கோவம் இருக்கு. யார் மேலன்னு பாத்தா, கிட்ட இருக்கறது நீங்கதான். திங்கக்கிழம வரைக்கும் நான் கோவமா இருந்துக்கறேன், மிஸ்டர் பாஷ்கோ. குழாய அப்படியே விட்டுட்டுப் போங்க."

பாஷ்கோ திருகுசாவிகளையும் குறடுகளையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். அவர் முன்னறையைக் கடக்கும்போது டாக்டர் காய்களிலிருந்து கண்ணை எடுக்காமல், சரியாகிவிட்டதா என்று கேட்டார். திங்கக்கிழம, டாக்டர், என்று உள்ளேயிருந்து மார்வா பதில் சொன்னாள்.

கதவைச் சாத்தும்போது தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் முடிக்காமல் விட்டுவந்த முதல் வேலை அதுதான்.